செவலைக்கு வாங்கிய ஆறு பட்டன்கள்

போன தை மாதம் என் மகள் ஆன்லைனில் ஒரு பெட்டி வரவழைத்தாள். உள்ளே ஆறு பிளாஸ்டிக் பட்டன்கள், அவற்றைப் பொருத்த இரண்டு நுரை மேட், ஒரு துண்டுச் சீட்டு. விலை 1,950 ரூபாய், பேட்டரி தனி. ஒவ்வொரு பட்டனிலும் நம் குரலில் ஒரு வார்த்தையைப் பதிந்து தரையில் வைத்துவிட வேண்டும். நாய் காலால் அழுத்தினால் அந்த வார்த்தை கேட்கும். 'உங்கள் நாய் இனி பேசும்' என்று பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஒன்பது மாதமாக எங்கள் வீட்டில் தினமும் புழங்குகிறது. வாங்கலாமா என்று இதுவரை நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் நாய் பெயர் செவலை. நாட்டு நாய், பெட்டை, நாலு வயது. கோவை கணபதியில் இருக்கும் என் லேத் பட்டறைக்குப் பின்னால், இரும்புச் சுருள் கொட்டும் இடத்தில் குட்டியாகக் கிடந்தவள். 14 கிலோ இருப்பாள். எடையை ஏன் சொல்கிறேன் என்றால், இந்தப் பட்டனை அழுத்த ஓரளவு பலம் வேண்டும். பொமரேனியன் மாதிரி சின்ன நாய் வைத்திருப்பவர்கள் வாங்குவதற்கு முன் இதை யோசியுங்கள்.

முதலில் பொருளைப் பற்றி. மேல் மூடி கெட்டியான பிளாஸ்டிக். நகம் பட்டு லேசாகக் கீறல் விழுந்திருக்கிறதே தவிர உடையவில்லை. குரல் தெளிவு சுமார். சின்ன ஸ்பீக்கர் என்பதால் 'ப', 'த' எல்லாம் கொஞ்சம் மழுங்கிக் கேட்கிறது. வார்த்தையை நிறுத்தி, ஒரே ஒரு தரம், கிட்டத்தில் வைத்துச் சொன்னால் பரவாயில்லை. நுரை மேட் டைல்ஸ் தரையில் நிற்கவே நிற்காது. செவலை அழுத்துவாள், மேட் ஒரு முழம் தள்ளிப் போகும், அவள் பின்வாங்கிவிடுவாள். முதல் வாரம் முழுக்க இதே கதை. கடைசியில் மேட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரு பிளைவுட் பலகையில் பட்டன் அளவுக்கு வட்டம் வெட்டி ஆறையும் பதித்து, அடியில் ரப்பர் ஷீட் ஒட்டினேன். அதற்கப்புறம் அசையவில்லை. நீங்களும் இதைச் செய்துவிட்டே ஆரம்பியுங்கள்.

ரிமோட்டில் போடும் சின்ன பேட்டரி இரண்டு, ஒவ்வொரு பட்டனுக்கும். தினமும் புழங்குகிற பட்டன் என்றால் இரண்டு மாதம் வரும். பேட்டரி இறங்க ஆரம்பித்ததும் குரல் இழுத்து இழுத்துக் கேட்கும். இதில் பெரிய குறை ஒன்று இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

பழக்குவது எளிது, ஆனால் பொறுமை வேண்டும். வாசலுக்கு அழைத்துப் போகும் ஒவ்வொரு முறையும் 'வெளிய' பட்டனை நாங்கள் அழுத்திவிட்டுத்தான் கதவைத் திறந்தோம். அவள் காலைப் பிடித்து அழுத்த வைக்கக் கூடாது. இருபத்து மூன்றாம் நாள் காலை ஐந்தேமுக்கால் இருக்கும். நான் ஹாலில் செய்தித்தாள் பிரித்துக்கொண்டு இருந்தேன். செவலை பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். வலது காலைத் தூக்கினாள், கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி தூக்கி, நடுவில் இருந்த பட்டனின் ஓரத்தில் வைத்தாள். சத்தம் வரவில்லை. அப்புறம் முன்னங்கால் இரண்டையும் சேர்த்து ஒரு அமுக்கு அமுக்கினாள். என் குரல், 'வெளிய'. அவளே திடுக்கிட்டு ஒரு அடி பின்னால் போனாள். அடுத்த நொடி கதவுப் பக்கம் ஓடினாள். நான் செருப்பைக்கூட மாட்டாமல் கதவைத் திறந்துவிட்டேன்.

அன்று முழுக்கப் பட்டறையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு இருந்தேன். சந்தேகம் வந்தது சாயங்காலம்தான். அவளுக்கு அந்த வார்த்தை புரிந்ததா, இல்லை நான் அந்த நேரத்தில் வழக்கமாகக் கிளம்புவேன் என்று தெரிந்து, என் முகத்தைப் பார்த்து எதையோ செய்தாளா?

இந்தச் சந்தேகம் பழையது. பெர்லினில் வில்ஹெல்ம் ஃபான் ஆஸ்டன் என்ற ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஹான்ஸ் என்ற குதிரையை வைத்திருந்தார். கூட்டல், கழித்தல் கேட்டால் குளம்பைத் தட்டிப் பதில் சொல்லும். 1904இல் ஒரு குழு வந்து பார்த்து, இதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை என்று சொன்னது. அதற்குப் பிறகு ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவர் பொறுமையாக உட்கார்ந்து சோதித்தார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை. கேட்பவர் கண்ணில் படாவிட்டாலும் தெரியவில்லை. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை அவரை அறியாமல் ஒரு மயிரிழை நிமிரும், அதைப் பார்த்துக் குதிரை நிறுத்திவிடும். 1907இல் இதை எழுதி வெளியிட்டார். வாத்தியார் யாரையும் ஏமாற்றவில்லை, தன் உடம்பு காட்டிக்கொடுப்பது அவருக்கே தெரியாது. விலங்குகளின் அறிவைச் சோதிக்கும் யாரும் இன்று வரை அந்தக் குதிரையை மறப்பதில்லை.

2004இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து ஆய்வாளர்கள் ரிகோ என்ற பார்டர் கோலி நாயைச் சோதித்தபோதும் இதற்காகத்தான் பொம்மைகளை அடுத்த அறையில் வைத்தார்கள். பெயரைக் கேட்டுவிட்டு ரிகோ தனியாகப் போய் எடுத்து வர வேண்டும். அங்கே பார்க்க யார் முகமும் இருக்காது. 40க்கு 37 சரியாக எடுத்து வந்தது. அதற்கு 200க்கு மேல் பெயர்கள் தெரியும். பிறகு அமெரிக்காவில் ஜான் பில்லி என்ற உளவியல் பேராசிரியர் தன் நாய் சேசருக்கு மூன்று வருடம் உழைத்து 1,022 பொருட்களின் பெயரைச் சொல்லிக்கொடுத்தார். செவலை அந்த ரகம் இல்லை. ஆனால் ஒரு வார்த்தையாவது அவளுக்குச் சொந்தமா என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருந்தது.

அதற்கு எனக்கு வேண்டியது தமிழ் தெரியாத ஒரு ஆள். மகளோடு கல்லூரியில் படிக்கும் பீகார் பெண் ஒருத்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தாள். அவளுக்கு 'வெளிய' என்றாலும் ஒன்றுதான், 'பந்து' என்றாலும் ஒன்றுதான். நாங்கள் எல்லோரும் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். அந்தப் பெண் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி, சீட்டுக் குலுக்கி வந்த வரிசைப்படி பட்டனை அழுத்தினாள். ஃபோன் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து முறை 'வெளிய' கேட்டதில் நான்கு முறை செவலை வாசல் கதவுக்குப் போய் நின்றாள். ஐந்து முறை 'பந்து' கேட்டதில் மூன்று முறை பந்து இருக்கும் அலமாரிக்கு அடியில் மூக்கை நுழைத்தாள். மற்ற மூன்று முறை அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். பத்து முறை என்பது எதையும் நிரூபிக்கப் போதாது, தெரியும். ஆனாலும் எனக்கு அன்று மதியம் சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

இதையே முறையாகச் செய்தவர்கள் அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் ஃபெடெரிகோ ரோசானோ என்ற ஆய்வாளரின் குழுவினர். 2024 ஆகஸ்டில் வந்த ஆய்வில் 59 நாய்கள். 30 நாய்களின் வீட்டுக்கு ஆய்வாளர்களே போனார்கள், மீதி 29ஐ வீட்டுக்காரர்களே சொல்லிக்கொடுத்த முறைப்படி சோதித்தார்கள். 'வெளியே', 'விளையாட்டு' சம்பந்தமான வார்த்தைகளுக்கு நாய்கள் பொருத்தமாகவே நடந்துகொண்டன. வாயால் சொன்னாலும் பட்டனில் கேட்டாலும், வீட்டு ஆள் அழுத்தினாலும் அன்னியர் அழுத்தினாலும் வித்தியாசம் இல்லை. அதே வருடம் டிசம்பரில் அதே குழுவின் இன்னொரு ஆய்வு வந்தது. 152 நாய்கள், 21 மாதம், 2,60,000க்கு மேற்பட்ட பட்டன் அழுத்தல்கள். அவற்றில் 1,95,000 நாய்களே அழுத்தியவை. இரண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்துவது தற்செயலாக நடப்பதைவிட அதிகம், வீட்டுக்காரர் அழுத்துவதைப் பார்த்து அப்படியே திருப்பிச் செய்வதும் இல்லை என்று கண்டார்கள். இவ்வளவுதான் இதுவரை கெட்டியான தரையில் நிற்கிறது. நாய் வாக்கியம் பேசுகிறது, கனவைச் சொல்கிறது என்று காட்டும் வீடியோக்களை எல்லாம் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பெட்டியில் எழுதியிருக்கும் 'பேசும்' என்ற வார்த்தையை அவர்கள் எடுத்துவிட வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

ஒவ்வொரு வார்த்தையும் எங்கள் வீட்டில் என்ன ஆயிற்று என்று சொல்கிறேன். 'வெளிய', தினமும் நாலைந்து முறை. 'பந்து', சாயங்காலம் மட்டும். 'தண்ணி', ஒரு தடவைகூட இல்லை, சட்டியில் எப்போதும் தண்ணீர் இருக்கிறதே, எதற்குக் கேட்பாள். 'சோறு', அழுத்தப் பழகியதும் ஓயாமல் அழுத்தி என் மனைவிக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. ஒவ்வொரு முறையும் எதையாவது போட்டதால் ஒரே மாதத்தில் ஒன்றரை கிலோ ஏறிவிட்டாள். டாக்டர் சொன்ன பிறகு அதைக் கழற்றி வைத்துவிட்டோம். புதிதாக வாங்குபவர்கள் சாப்பாட்டு வார்த்தையில் தயவுசெய்து ஆரம்பிக்க வேண்டாம்.

ஐந்தாவது, மகள் பதிந்த 'செல்லக்குட்டி'. ஒரு மாதக் கணக்கில் அதை மகள் 61 முறை அழுத்தியிருக்கிறாள், செவலை 2 முறை. சான் டியேகோ ஆய்விலும் 'ஐ லவ் யூ' பட்டனை நாய்களைவிட வீட்டுக்காரர்கள்தான் மிக அதிகம் அழுத்தியிருக்கிறார்கள். மகளுக்கு இதில் வருத்தம். எனக்கு இல்லை. செவலை ராத்திரி என் கால்மாட்டில் வந்து முதுகைச் சாய்த்துக்கொண்டு படுக்கிறாளே, அதற்குப் பட்டன் எதற்கு?

நான்காவது மாதம் 'வெளிய' பட்டன் படுத்துவிட்டது. வாடிக்கையாளர் சேவைக்கு மூன்று மெயில் போட்டோம். முதல் மெயிலுக்கு வீடியோ கேட்டார்கள், அனுப்பினோம், அப்புறம் பதிலே இல்லை. ஆறு மாத வாரண்டி என்று சீட்டில் அச்சடித்து இருக்கிறது. நானே பிரித்துப் பார்த்தேன். டிவி ரிமோட்டில் இருக்கிற மாதிரி கரி பூசிய ரப்பர் குமிழ்தான் உள்ளே. அடியில் எச்சில் இறங்கிப் படிந்திருந்தது. ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்து, ஓரத்தில் மெல்லிய ரப்பர் வளையம் ஒன்று வெட்டிப் போட்டேன். இன்று வரை ஓடுகிறது. நாயின் கால் படும் பொருளுக்கு ஈரம் புகாத மூடி போடாமல் விற்பது சரியில்லை. கைவேலை தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்?

ஆனால் அது படுத்த அன்று நடந்ததை மறக்க முடியாது. செவலை அழுத்தினாள், சத்தம் இல்லை. இன்னொரு தடவை அழுத்தினாள். அப்புறம் பட்டனை விட்டுவிட்டுத் தலையைத் திருப்பி என் கண்ணைப் பார்த்தாள். திரும்பப் பட்டனைப் பார்த்தாள். திரும்ப என்னை. 2003இல் புடாபெஸ்டில் ஆடம் மிக்லோஷி குழுவினர் கையில் வளர்த்த ஓநாய்களையும் வீட்டு நாய்களையும் வைத்து இதைத்தான் பார்த்தார்கள். எடுக்கவே முடியாதபடி இறைச்சியை அடைத்து வைத்தால் ஓநாய் தானே முட்டிக்கொண்டு இருக்கும். நாய் சீக்கிரமே நிறுத்திவிட்டு மனிதன் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். மனிதர் கையில் வளர்ந்தும் ஓநாய்க்கு அந்தப் பழக்கம் வரவில்லை. நம்மோடு பல ஆயிரம் வருடம் வாழ்ந்ததில் நாய்க்கு வந்து சேர்ந்தது அந்தத் திரும்பிப் பார்த்தல். பெட்டியில் இருந்த ஆறு வார்த்தைகளைவிட அந்த ஒரு பார்வை எனக்கு அதிகம் சொன்னது.

இது விலை கொடுத்து வாங்கிய ஜாதி நாய்க்கு மட்டும் உரியது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கொல்கத்தாவில் ஐசர் என்ற மத்திய அரசு அறிவியல் கல்வி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு தெரு நாய்களை வைத்தே வேலை செய்கிறது. 160 தெரு நாய்களிடம், இரண்டு கிண்ணத்தில் ஒன்றை விரலால் சுட்டிக் காட்டினார்கள். ஏறக்குறையப் பாதி நாய்கள் பயத்தில் கிட்டவே வரவில்லை. வந்தவற்றில் சுமார் 80 சதவீதம் விரல் காட்டிய கிண்ணத்துக்கே போயின. யாரும் பழக்காத நாய்கள். 2020இல் இந்த ஆய்வு வெளிவந்தது. நாட்டு நாய்க்கு இதெல்லாம் எங்கே வரும் என்று என்னிடமே கேட்டார்கள், அதனால் சொல்கிறேன்.

இன்னொன்றும் கவனித்தேன். 'வெளிய'வையும் 'பந்து'வையும் இடம் மாற்றி வைத்தபோது இரண்டு நாள் பழைய இடத்தையே அழுத்திவிட்டு, தப்பான வார்த்தை வந்ததும் நின்று விழித்தாள். அழுத்துவதற்கு இடத்தையும் புரிந்துகொள்வதற்குக் காதையும் வைத்துக்கொள்கிறாள் போல. எனவே பலகையை அடிக்கடி நகர்த்தாதீர்கள். ஆறுக்கு மேல் வாங்கவும் வேண்டாம். முப்பது பட்டன் செட் ஒன்று பத்தாயிரத்துக்குப் பக்கத்தில் விற்கிறார்கள். எங்கள் அனுபவத்தில் வேலைக்கு ஆனது மூன்றே வார்த்தை. பொருளுக்கு ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன், விற்ற பிறகான சேவைக்கு ஒன்று. ஒரு நோட்டுப் போட்டு யார், எப்போது, எதை அழுத்தினார்கள் என்று எழுதி வைக்க நேரம் இருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். எழுதி வைக்காவிட்டால் நமக்குப் பிடித்த தடவைகள் மட்டும்தான் ஞாபகம் இருக்கும்.

வேலைக்கு ஆன அந்த மூன்றாவது வார்த்தை 'அப்பத்தா'. என் அம்மாவை மகள் அப்படித்தான் கூப்பிடுவாள், பட்டனில் அம்மாவே தன் குரலில் சொல்லியிருந்தார். தினமும் நாலு மணிக்கு அம்மா டீ குடிக்கும்போது செவலைக்கு இரண்டு வர்க்கி உண்டு. அம்மா எப்போதும் வீட்டில் இருந்ததால் அந்தப் பட்டனை அவள் அழுத்தியதே அபூர்வம். ஆடி மாதம் தங்கச்சி மகளுக்குப் பிரசவம் என்று அம்மா தாராபுரம் போனார். மூன்றாம் நாளில் இருந்து, நாலு மணிக்குப் பக்கத்தில், 'அப்பத்தா'. நோட்டில் இருக்கிறது: 6, 7, 5, 11. வர்க்கிக்காக இருக்கும் என்று மனைவி நாலு மணிக்கே இரண்டு வர்க்கி போட்டுப் பார்த்தாள். தின்றுவிட்டு வந்து மறுபடி அழுத்தினாள், பிறகு அம்மாவின் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தாள்.

புடாபெஸ்டிலேயே 2024இல் 18 நாய்களின் தலையில் மின்முனை ஒட்டி மூளை அலையைப் பார்த்திருக்கிறார்கள். பொருளின் பெயரைச் சொல்லிவிட்டு வேறு பொருளைக் காட்டினால் அலை மாறுகிறது. பெயரைக் கேட்டதுமே உள்ளே ஏதோ ஒன்றை எதிர்பார்த்து இருக்கிறது என்று அர்த்தம். பொம்மைக்கு அப்படி என்றால் அப்பத்தாவுக்கு? எனக்கு ஆராய்ச்சி தெரியாது, கட்டிலுக்கு அடியில் படுத்திருந்ததைத்தான் பார்த்தேன்.

நான் சொன்ன பெரிய குறை அப்போதுதான் உறைத்தது. பேட்டரி மாற்றியதும் பதிந்த குரல் அழிந்துபோயிற்று. 'வெளிய', 'பந்து' என்றால் திரும்பச் சொல்லிக்கொள்ளலாம். அம்மாவின் குரலுக்கு என்ன செய்ய? என் குரலில் 'அப்பத்தா' என்று பதிந்து வைத்தேன். செவலை அழுத்தினாள், தலையைச் சாய்த்துக் கேட்டாள், போய்விட்டாள். அடுத்த நாட்களில் 2, 1, 1. குரல் மாறியதாலா, நாள் ஆக ஆகக் குறைந்ததா, இரண்டும் ஒரே நேரத்தில் நடந்ததால் பிரித்துச் சொல்ல வழியில்லை. பேட்டரியைக் கழற்றும் முன் ஒவ்வொரு வார்த்தையையும் ஃபோனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். இதைச் சீட்டில் எங்கேயும் எழுதவில்லை.

தாராபுரத்துக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். "நாய்க்கு எதுக்குடா எங் குரலு?" என்றார் அம்மா. விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. அப்புறம், "அப்பத்தா வந்துர்றேன் சாமி" என்றார். ஒரே வார்த்தையாக இருக்க வேண்டும் என்பது முறை. அதை அப்படியே பதிந்துவிட்டேன்.

புரட்டாசி முதல் வாரத்தில் அம்மா திரும்பி வந்தார். ஆட்டோ சத்தத்துக்கே செவலை கேட்டுக்குப் போய்விட்டாள், முனகலும் சுற்றலுமாகக் கால் மணி நேரம். அதற்கப்புறம் 'அப்பத்தா' பட்டனை அவள் ஒரு தடவைகூட அழுத்தவில்லை. நோட்டில் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கிறது. நாலு மணிக்கு வர்க்கி நடக்கிறது.